பந்தியும் பேச்சும்

கோடையில் கடற்கரை ஊருக்கு எழுத்தாளனை வரவழைத்து, பகலுணவு போட்டு, அவன் புத்தகத்தைப் பற்றி அவனையே பேசவைப்பது அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வேரூன்றிய வழக்கம். இதை நாகரிகமான பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் மாஸசூஸட்ஸ் கரையில் இந்த வழக்கத்தின் முன்வரலாற்றைத் தொடர்ந்து பார்க்கும்போது எனக்குப் படுவது வேறு. எழுத்தாளன் சபை முன் நிற்பது அங்கே விருந்தாகத் தொடங்கவில்லை, ஆபத்தாகத் தொடங்கியது. ஆபத்து எப்படி விருந்தாயிற்று, அதில் எது போயிற்று, எது மாறவேயில்லை என்பதுதான் இங்கு என் அக்கறை.

நான்டுக்கெட், கேப் காட் கரைக்குத் தெற்கே ஏறத்தாழ 30 மைல் கடலுக்குள் இருக்கும் தீவு. திமிங்கில வேட்டையால் பணம் பார்த்த ஊர். 1834இல் அங்கே அதீனியம் என்ற நூலகம் ஏற்பட்டது. பங்குதாரர்களின் நூலகம் அது. எல்லோருக்குமான பொதுநூலகமாக ஆனது 1900இல்தான். 1836இல் நூலகராக அமர்ந்தவர் மரியா மிட்செல். 1847இல் தொலைநோக்கி வழியே ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து உலகப் பெயர் பெற்றவர். நூலகத்தின் பெரிய கூடத்தில்தான் வெளியூர்ப் பேச்சாளர்கள் பேசுவார்கள்.

1841 ஆகஸ்டில் அடிமைமுறை ஒழிப்பாளர்கள் அந்தத் தீவில் மாநாடு கூட்டினார்கள். பெரும்பாலும் வெள்ளையர்கள் நிறைந்திருந்த அந்தச் சபையில் எழுந்து பேசும்படி ஓர் இளைஞர் கேட்டுக்கொள்ளப்பட்டார். 1838இல் மேரிலாந்திலிருந்து தப்பியோடி வந்து, நியூ பெட்ஃபர்ட் துறைமுகத்தில் கூலிவேலை செய்து பிழைத்துக்கொண்டிருந்த ஃப்ரெடரிக் டக்ளஸ். கைகால் நடுங்கியதாகவும், அன்று பேசியதில் கோர்வையாக ஒரு வாக்கியம்கூடத் தனக்கு நினைவில்லை என்றும் பின்னாளில் அவர் எழுதினார். அந்தப் பேச்சைக் கேட்ட பிறகுதான் மாஸசூஸட்ஸ் ஒழிப்புச் சங்கம் அவரை ஊர் ஊராகப் பேச அமர்த்திக்கொண்டது.

பேசப் பேசப் பேச்சு தேர்ந்தது. தேர்ந்ததே வினையாயிற்று. இவ்வளவு நன்றாகப் பேசுகிறவன் அடிமையாக இருந்திருக்க முடியுமா என்று சபையில் சந்தேகம் கிளம்பியது. அதற்குப் பதிலாகத்தான் 1845இல் அவருடைய சுயசரிதை பாஸ்டனில் அச்சாயிற்று. எஜமானனின் பெயர், இருந்த இடம் எல்லாவற்றையும் அதில் எழுதினார். நான்கு மாதங்களில் ஏறத்தாழ 5,000 பிரதிகள் விற்ற அந்தப் புத்தகம், அவரைப் பிடித்துக்கொண்டுபோக வருகிறவனுக்கு விலாசமாகவும் ஆயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் கப்பலேறி பிரிட்டனுக்குப் போனார். 1846இல் அங்கிருந்த நண்பர்கள் 150 பவுன் திரட்டிக் கொடுத்து அவர் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள்.

இங்கே வரிசையைக் கவனிக்க வேண்டும். புத்தகத்தை விற்பதற்காக எழுந்த பேச்சல்ல இது. பேச்சை நம்ப மறுத்ததால் எழுந்த புத்தகம். புத்தகத்துக்கும் சபைக்கும் இதைவிட நேரடியான உறவு இருக்க முடியுமென்று எனக்குத் தோன்றவில்லை.

1842இல் அதே தீவில் மறுபடி கூடியபோது கல்லும் முட்டையும் பறந்தன. அடிமைமுறையைச் சகித்துக்கொண்ட பாதிரிமார்களைத் திருடர்கூட்டம் என்று ஸ்டீபன் ஃபாஸ்டர் சாடியதுதான் காரணம். மறு ஆண்டு அந்தச் சாடலை, நான்டுக்கெட்வாசி ஒருவருக்கு எழுதிய கடிதமாக விரித்து, ஃபாஸ்டர் புத்தகமாக்கினார். கல்லடியிலிருந்து பிறந்த விமரிசன நூல்.

சபையில் யார் உட்காரலாம் என்ற கேள்வியும் அப்போதே எழுந்துவிட்டது. 1845இல் நியூ பெட்ஃபர்டின் சொற்பொழிவுக் கழகம் கறுப்பின மக்களை உறுப்பினர்களாகச் சேர்க்க மறுத்தது. அப்படியானால் நான் வரவில்லை என்று எமர்ஸன் சொல்லிவிட்டார். சார்ல்ஸ் ஸம்னரும் மறுத்தார். எமர்ஸனுக்குச் சொற்பொழிவுதான் முக்கிய வருமானம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்க வேண்டும். பேசுவது எழுத்தாளனின் பிழைப்பு. பேச மறுப்பது சில சமயம் அவனுடைய இலக்கியம்.

1846 ஜூலையில் நான்டுக்கெட்டில் பெருந்தீ. நூலகமும் எரிந்தது, விரைவிலேயே திரும்பக் கட்டினார்கள். ஆனால் ஊரின் தொழில் எழுந்திருக்கவில்லை. துறைமுக வாயிலில் மணல்மேடு. பெரிய கப்பல்கள் நியூ பெட்ஃபர்டை நாடின. ஆட்கள் கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போனார்கள். மண்ணெண்ணெய் வந்து திமிங்கில எண்ணெயைத் தள்ளியது. 1869இல் கடைசி வேட்டைக் கப்பல் புறப்பட்டது. காலியான துறைமுகங்கள் பிறகு கோடையை விற்கக் கற்றுக்கொண்டன. 1873இல் கேப் காட்டின் நுனியிலிருக்கும் ப்ராவின்ஸ்டவுனுக்கு ரயில் வந்தது. மீன் காய்ந்த இடத்தில் நகரத்து மனிதர்கள் காற்று வாங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால், வாடகை மலிவு என்பதால், ஓவியர்களும் எழுத்தாளர்களும் வந்தார்கள்.

1915 கோடையில் அங்கே ஒரு வீட்டு வராந்தாவில் சிலர் தங்கள் நாடகங்களைத் தங்களுக்காகவே நடித்துப்பார்த்தார்கள். நீத் பாய்ஸ் எழுதிய முதல் நாடகம் வராந்தாவில், கடலைப் பின்திரையாக வைத்து நடந்தது. அது முடிந்ததும் நாற்காலிகளை மறுபுறம் திருப்பிப் போட்டுக்கொண்டு, சூஸன் க்ளாஸ்பெல்லும் ஜார்ஜ் க்ராம் குக்கும் எழுதிய இரண்டாவது நாடகத்தைப் பார்த்தார்கள். பிறகு மேரி ஹீட்டன் வோர்ஸுக்குச் சொந்தமான படகுத்துறையிலிருந்த பழைய மீன்கொட்டகை அரங்கமாயிற்று. 1916 ஜூலை 28 அன்று யூஜீன் ஓநீலின் நாடகம் முதன்முறையாக மேடையேறியது அங்கேதான். மூடுபனியில் போகும் கப்பலில் ஒரு மாலுமி செத்துக்கொண்டிருப்பதுதான் நாடகம். கொட்டகைக்கு வெளியே நிஜமான மூடுபனி. பலகைத் தரைக்கடியில் நிஜமான அலை.

அதற்கு முன் அந்த நாடகத்தை க்ளாஸ்பெல்லின் வீட்டில் ஒருவர் படித்துக்காட்டினார். க்ளாஸ்பெல் எழுதிவைத்திருக்கிற ஒரு சின்னத் தகவல் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. படித்து முடிக்கும்வரை ஓநீல் அந்த அறையிலேயே இல்லை. சாப்பாட்டு அறையில் இருந்தார். முடிந்த பிறகு மற்றவர்கள் அவரைத் தேடிக்கொண்டு அங்கே போனார்கள். எழுத்து சபையில்; எழுதியவன் சாப்பாட்டு அறையில், தனியாக.

இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியதுதான் எழுத்தாளர் விருந்து. இப்போது எழுதியவன் சாப்பாட்டு அறையின் நடுவில். எழுத்து வாசலருகே மேஜையில் அடுக்கி வைக்கப்பட்டு விலைக்கு. இந்த வடிவம் கடற்கரையில் உண்டானதல்ல. 1930இல் லண்டனில் புத்தகக்கடைக்காரர் மகள் க்ரிஸ்டினா ஃபாயில், 19 வயதில், தன் முதல் இலக்கிய விருந்தை நடத்தினார். 1938இல் நியூயார்க்கில் ஹெரால்ட் ட்ரிப்யூன் பத்திரிகையின் புத்தகப் பகுதி ஆசிரியர் ஐரீடா வான் டோரன், புத்தக வியாபாரிகள் சங்கத்தோடு சேர்ந்து அங்கே இதைத் தொடங்கினார். கோடையில் நகரத்து வாசகர்கள் கடலோரம் இடம்பெயரும்போது விருந்தும் கூடவே போனது இயல்பே. பதிப்பகம் எழுத்தாளனை அனுப்புகிறது. உள்ளூர் நூலக நண்பர்கள் குழுவோ புத்தகக்கடையோ சீட்டு விற்கிறது. சாப்பாடு, சிறிது நேரப் பேச்சு, கேள்விகள், கையெழுத்துக்கு வரிசை. எந்த நேரத்தில் எழுதுவீர்கள், எந்தப் பாத்திரம் நீங்கள் என்கிற மாதிரிக் கேள்விகளுக்கு எழுத்தாளன் சிரித்த முகத்தோடு பதில் சொல்கிறான்.

இதைக் கேலி செய்து முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. கூடுகிறவர்களில் பலர் உண்மையாகவே படிக்கிறவர்கள்; குளிர்காலம் முழுக்க ஊர் வெறிச்சோடிக் கிடக்கும்போது நூலகம் திறந்திருக்க இந்தச் சீட்டுப்பணமும் உதவுகிறது. ஃபாயிலின் காரணத்திலும் பொய்யில்லை: கடைக்கு வரும் சாதாரண வாசகனுக்கும் எழுத்தாளனைப் பார்க்கும் ஆசை இருக்கலாம் என்பதுதான் அது. ஆனால் விருந்து என்றாலே பந்தி. பந்தி என்றாலே அதில் உட்காராதவர்கள் உண்டு. நியூ பெட்ஃபர்டில் விதி எழுதி வெளியே நிறுத்தினார்கள். எமர்ஸனால் அந்த விதியைப் பார்த்து மறுக்க முடிந்தது. விருந்தில் அதே வேலையைச் சீட்டின் விலை சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. அந்த மேஜையில் பரிமாறுகிறவனும், படகிலிருந்து மீன் இறக்குகிறவனும் எழுத்தாளன் பேச்சைக் கேட்கக்கூடாது என்று எங்கும் எழுதியில்லை. எழுதாத விதியை மறுப்பதற்கு எழுத்தாளனுக்கு முதலில் அது கண்ணில் பட வேண்டும். விருந்தாளியின் கண்ணில் அது படுவது சிரமம்.

1841இல் பேசியவருக்கு உயிரே பணயம். 1916இல் சாப்பாட்டு அறையில் காத்திருந்தவருக்கு எழுத்து பணயம். பிடிக்கவில்லை என்று அடுத்த அறையிலிருந்து யாரும் சொல்லியிருக்கலாம். விருந்தில் பேசுகிறவனுக்கு அன்றைய விற்பனைக்கு மேல் இழக்க எதுவுமில்லை. கேட்கிறவனுக்கும் அப்படித்தான்: அவனை யாரும் எதையும் நம்பச்சொல்லவில்லை, ஆகவே அவன் எதையும் சந்தேகிப்பதுமில்லை. டக்ளஸைச் சந்தேகித்த அந்தச் சபை அநியாயமானதுதான். ஆனாலும் அது கவனித்துக் கேட்ட சபை. நம்பாமல் கேட்டவர்கள் ஒரு புத்தகத்தை எழுதவைத்தார்கள். கை தட்டிக் கேட்கிறவர்கள் அச்சானதை வாங்கிக்கொண்டு போகிறார்கள்.