ராம் டிஸ்க்கை காலி செய்த கதை

படிப்பது பி.காம், ஆனால் கை சும்மா இருப்பதில்லை. 64 எம்.பி. ராம் உள்ள ஒரு பழைய கம்ப்யூட்டரில் 2.4 கெர்னல் காலத்து லினக்ஸை ஏற்றிப் பார்த்தேன். பூட் ஆகும்போது நடுவில் ஒரு வரி ஓடியது: இனிட்ஆர்டியை அன்மவுண்ட் செய்ய முடியவில்லை, டிவைஸ் பிசி. யார் பிசி, எதில் பிசி என்று தேடப் போனதில் ஒரு சரித்திரமே கிடைத்தது.

முதலில் இனிட்ஆர்டி எதற்கு? ஹார்ட் டிஸ்க்கைப் படிக்க டிரைவர் வேண்டும். அந்த டிரைவரோ ஹார்ட் டிஸ்க்குக்குள்ளேயே இருக்கிறது! பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதைதான். எல்லா ஸ்கஸி டிரைவர்களையும் கெர்னலிலேயே திணித்தால் 1.44 எம்.பி. ஃபிளாப்பியில் அடங்காது. லைலோ பூட்லோடரை எழுதிய வெர்னர் ஆல்மெஸ்பெர்கரும் ஹான்ஸ் லெர்மனும் இதற்கு ஒரு வழி செய்தார்கள். தேவையான டிரைவர்களை ஒரு சின்ன டிஸ்க் பிம்பமாக்கி, பூட்லோடரே கெர்னலோடு சேர்த்து மெமரியில் ஏற்றிவிடும். கெர்னல் அதை ராம் டிஸ்க்காக மவுண்ட் செய்து, அதிலுள்ள லினக்ஸ்ஆர்சி என்ற புரோகிராமை ஓட்டும். வேலை முடிந்ததும் நிஜ டிஸ்க்குக்கு மாறிவிடலாம். 1996 ஜூனில் வந்த 2.0 கெர்னலில் இது இருந்தது.

கம்பெனி சட்டத்தில் புரமோட்டர் என்று படிக்கிறோமே, அவர் மாதிரி. கம்பெனி உருவானதும் அவர் வேலை முடிந்தது. ஆனால் இந்தப் புரமோட்டர் லேசில் கிளம்ப மாட்டார் :-)

லினக்ஸ்ஆர்சி விட்டுப்போன ஒரு புரோசஸ், திறந்தே கிடக்கும் ஒரு கன்சோல், உள்ளே மவுண்ட் ஆன ஒரு பிராக். எது மிச்சமிருந்தாலும் கெர்னல் 16-ஆம் நம்பர் பிழையைக் காட்டும். அதுதான் 'பிசி'. ராம் டிஸ்க்கும் மெமரியில் அப்படியே தங்கிவிடும்.

2001 ஜனவரியில் வந்த 2.4 கெர்னலில் ஆல்மெஸ்பெர்கரின் பிவட்ரூட் சேர்ந்தது. பழைய ரூட்டை ஓரமாக நகர்த்திவிட்டு புதியதை அந்த இடத்தில் வைக்கும் கால் இது. இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஃபைல் பக்கமே போகாத கெர்னல் த்ரெட்கள்கூட பழைய ரூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றன. வீட்டை யாரும் உபயோகிக்கவில்லை, ஆனால் ரேஷன் கார்டில் முகவரி மட்டும் அதுவே! அதனால் பழைய ரூட்டில் நின்ற எல்லா புரோசஸ்களின் முகவரியையும் பிவட்ரூட்டே புதிய ரூட்டுக்கு மாற்றியது. கொஞ்சம் முரட்டு வைத்தியம்தான். அது அதிகப்படியான தலையீடு என்று மேனுவலிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேர்மை பிடித்தது.

2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில் இனிட்ராம்எஃப்எஸ் இருந்தது. இது டிஸ்க் பிம்பமே இல்லை, வெறும் சிபிஐஓ மூட்டை. இதன் ரூட்டை அன்மவுண்ட் செய்யவே முடியாது. அப்புறம் மெமரி எப்படித் திரும்பக் கிடைக்கும்? ஸ்விட்ச்ரூட் உள்ளிருக்கும் ஃபைல்களை அழித்துவிட்டு, புதிய ரூட்டை அதன் மேலேயே மவுண்ட் செய்துவிடும். காலி செய்ய வேண்டிய வீடே இல்லை என்றால் 'பிசி' ஏது?

என் பெட்டிக்கு வருகிறேன். மவுண்ட் பட்டியலைப் பார்த்தால் இனிட்ஆர்டிக்குள் ஒரு பிராக் உட்கார்ந்திருந்தது. முதலில் அதை அன்மவுண்ட் செய்தேன், பிறகு இனிட்ஆர்டியை. மறுபேச்சில்லாமல் போனது. அதன்பின் பிளாக்டெவ் கமாண்டால் ராம் டிஸ்க்கின் பஃபரையும் துடைத்தால்தான் மெமரி கைக்கு வரும், அதை மறந்துவிடாதீர்கள். நான் முதல் தடவை மறந்தேன்.