ஒரு டிப்பர் லாரியும் மைக்கோ பம்பும்

எங்க ரிச்சர்ட்ஸ் டவுன்ல வீடு கட்டுற இடத்துல எட்டு மாசமா நின்ன பழைய டிப்பர் லாரி போன வாரம் கிளம்பிடுச்சுங்க. மெக்கானிக் இன்ஜினைப் பிரிக்கவே இல்லை. பேட்டரி மாத்தினார், டீசல் டேங்கைக் கழுவினார், புது ஃபில்டர் போட்டார், கைப்பம்பை அடிச்சு லைன்ல இருந்த காத்தை எடுத்தார். அவ்வளவுதான்!

இதுக்குப் பின்னாடி ஒரு சரித்திரம் இருக்கு. டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தின காத்தோட சூட்டுலயே டீசல் பத்திக்கும். 1897-ல ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டின இன்ஜினுக்கு, எண்ணெயை உள்ளே ஊதவே தனி கம்ப்ரசர் வேணும். அத்தனை பாரத்தை லாரி எப்படிச் சுமக்கும்? 1927-ல பாஷ் கம்பெனி சின்னதா ஒரு பம்பை மொத்தமா தயாரிக்க ஆரம்பிச்ச பிறகுதான் டீசல் லாரி பரவுச்சு. அந்த பம்புல காத்து புகுந்தா அழுத்தம் ஏறாது, நாசில் பீச்சாது.

1951-ல தொடங்கின மைக்கோ, இதே பெங்களூரு ஆடுகோடியில அந்த பம்பைச் செஞ்சது. 2008-ல கம்பெனி பேர் பாஷ்னு மாறிடுச்சு. எங்க மெக்கானிக்குக்கு இன்னமும் அது 'மைக்கோ பம்பு'தான்.

வருமான வரிக் கணக்குல வாடகை லாரிக்கு வருஷம் 30 சதவீதம் தேய்மானம். 10 லட்ச ரூபாய் லாரி, பத்து வருஷத்துல ஏட்டுல சுமார் 28,000 ரூபாய்! ஏட்டை மட்டும் பார்த்துக் கடன் கொடுக்குற என்னைப் போல ஆளுங்க, அந்த ஸ்டார்ட் சத்தத்தையும் ஒரு தடவை கேக்கணும். ஒரு குடும்பத்தோட சோறு அதுல இருக்கு.