ஊர் கூடி எழுப்பிய அரங்குகள்

ஆடலுக்கும் பாடலுக்கும் நாடகத்துக்கும் ஒரு நகரில் நிலையான அரங்கு எவ்வாறு எழுகின்றது? மன்னர் அளித்த அரங்கு, அரசாங்கம் கட்டிய அரங்கு, மக்கள் கூடி எழுப்பிய அரங்கு என அவற்றை மூவகையாகப் பிரிக்கலாம். முன்னிரண்டும் நம் திருவனந்தபுரத்திலேயே உள்ளன. மூன்றாவதைக் காணச் சென்னைக்கும் பம்பாய்க்கும் செல்ல வேண்டும். சங்கத்தின் ஆண்டு விழா நாளில் இம்மூன்றின் வரலாற்றையும் அன்பர்கள் முன் வைப்பது பயனுடையதெனக் கருதி இக்கட்டுரையை வரைகின்றோம்.

கரமனை இசையறியா ஊரன்று. ஆற்றங்கரை அக்கிரகாரங்களில் அந்திப்பொழுதில் பஜனை ஒலித்த காலம் ஒன்று இருந்தது. நாஞ்சில் நாட்டு வடிவீசுவரத்திலே பிறந்து கரமனையில் வாழ்ந்த நீலகண்ட சிவன் (1839-1900) தமிழிலே பாடிய கீர்த்தனைகள் இன்றும் கச்சேரி மேடைகளில் வழங்குகின்றன. அவருடைய முகாரியும் பூர்விகல்யாணியும் கேளாத இசையன்பர் அரியர். தஞ்சை நாட்டுப் போலகத்தில் பிறந்த இராமையா என்னும் சிறுவன் தந்தையை இழந்து, 1899-இல் தாயுடன் திருவிதாங்கூர் வந்து சேர்ந்தான். நீலகண்ட சிவனின் பக்தியும் பாட்டும் அச்சிறுவன் உள்ளத்தில் ஊன்றின. அவனே பின்னாளில் தமிழகம் போற்றிய பாபநாசம் சிவன் (1890-1973). வீட்டுத் திண்ணையும் கோவில் முற்றமுமே அன்று அரங்கு. சீட்டும் இல்லை; வாயிற்காப்போனும் இல்லை.

பேரரங்கு என்று சொல்லத்தக்கது கோட்டைக்குள் இருந்தது. 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜா தாமே வாக்கேயக்காரர். தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு அவருடைய அவையை அணி செய்தார். நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது இரவுகளும் அம்மன்னரின் கீர்த்தனைகளை முறை வகுத்துப் பாடும் மரபு இன்றும் தொடர்கின்றது. கம்பர் வழிபட்டதென்று மரபு கூறும் சரசுவதி விக்கிரகம் பத்மநாபபுரத்திலிருந்து ஆண்டுதோறும் எழுந்தருளுவதும், கரமனையைக் கடந்தே கோட்டை புகுவதும் நாம் கண்குளிரக் காண்பவை. 1939-இல் சித்திரைத் திருநாள் மகாராஜா நிறுவிய சங்கீதப் பள்ளிக்கு முதல் தலைவராக வந்தவர் நெல்லைச் சீமையின் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாசையர் அப்பொறுப்பை ஏற்றார். 1962-இல் அப்பள்ளி சுவாதித் திருநாள் பெயரைப் பெற்றது.

இவ்வளவு பெருமையும் உண்மையே. ஆயினும் மன்னர் மேடைக்கு மன்னர் வகுத்ததே விதி. நவராத்திரி மண்டபத்தில் பெண்மணிகள் அமர்ந்து பாட நெடுங்காலம் இடமில்லாதிருந்தது. சங்கீதப் பள்ளியின் முதல் மாணவியருள் ஒருவரான பாறசாலை பொன்னம்மாள், எண்பது வயதைக் கடந்த பின், 2006-இல்தான் அங்கே பாடினார். அப்பள்ளி தோன்றி 67 ஆண்டுகள் சென்றபின் திறந்த கதவு அது. கேட்கும் உரிமை வேறு, மேடையில் பங்கு வேறு என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

இரண்டாம் வகைக்கு வருவோம். பாளையத்திலுள்ள விக்டோரியா ஜூபிலி டவுன் ஹால் 1896-இல் எழுந்தது. 2019-இல் அதற்கு மகாத்மா அய்யன்காளியின் பெயர் சூட்டப்பட்டது. தாகூர் நூற்றாண்டை ஒட்டித் திட்டமிடப்பட்ட தாகூர் தியேட்டர் 1965-இல் வழுதக்காட்டில் எழுந்தது. அதனை வரைந்தவர் கேரள அரசின் தலைமைக் கட்டடக் கலைஞர் ஜே. சி. அலெக்சாண்டர். இவை நகருக்குக் கிடைத்த நன்கொடைகள், நன்றியுடன் பயன்படுத்துகின்றோம். எனினும் அரங்கை ஒரு நாள் வாடகைக்குப் பெற்று, விழா முடிந்ததும் விளக்கணைத்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகின்றவர்களாகவே சங்கங்கள் இருந்து வருகின்றன.

இனி, மக்கள் கூடி எழுப்பியவற்றைப் பார்ப்போம். 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது அதனையொட்டி அகில இந்திய சங்கீத மாநாடு ஒன்றும் நடந்தது. அதன் விளைவாக 1928-இல் மியூசிக் அகாடமி தோன்றியது. அதனைத் தொடங்கிவைத்த சர் சி. பி. இராமசாமி ஐயரே பின்னர் நம் திருவிதாங்கூரின் திவானாக இருந்தவர். அகாடமிக்குப் புகழ் விரைவிலே வந்தது. கூரை விரைவில் வரவில்லை. மார்கழி தோறும் பந்தலிலும் பிறர் மண்டபங்களிலும் கச்சேரிகள் நடந்தன. 1955-இல் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1962-இல் அரங்கம் திறக்கப்பட்டது. தோற்றத்துக்கும் திறப்புக்கும் இடையே 34 ஆண்டுகள்! சொந்தக் கட்டடம் இல்லாத அத்தனை ஆண்டும் உறுப்பினரும் கேட்போரும் கலையாமல் இருந்தனர். கல்லால் கட்டும் முன்னரே மனிதரால் கட்டப்பட்ட அரங்கு அது.

சென்னையில் தமிழர் சொந்த மண்ணில் இருந்தனர். பம்பாய் நிலை அவ்வாறன்று. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று, மெட்ராஸ் மெயிலில் ஒரு பெட்டியும் படுக்கைச் சுருளுமாய் வந்திறங்கிய தென்னாட்டு இளைஞர் மாட்டுங்காவிலும் சுற்றுப்புறத்திலும் குடியேறினர். இரயில்வே, வங்கி, ஆலை, வாணிப நிலையம் என்று நம்மைப் போன்றே மாதச் சம்பளத்தை நம்பி வாழ்ந்தோர். அவர்களுக்கு அங்கே மன்னரும் இல்லை, மண்டபமும் இல்லை. 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கித் தம் மக்களுக்குப் பள்ளி கண்டனர். 1952-இல் ஸ்ரீ சண்முகானந்த நுண்கலை சங்கீத சபை தோன்றியது. 11 ஆண்டுகளில், 1963-இல், கிங்ஸ் சர்க்கிள் நிலையத்துக்கு அண்மையில் சண்முகானந்தா மண்டபம் எழுந்தது. நாட்டின் மிகப் பெரிய அரங்குகளுள் ஒன்றாக அது விளங்கியது.

அம்மண்டபத்தைத் தமக்கு மட்டும் என்று அவர்கள் பூட்டி வைக்கவில்லை. கருநாடக இசையோடு இந்துஸ்தானி இசைக்கும், நாடகத்துக்கும், இந்தித் திரையுலக விழாக்களுக்கும் அது மேடையாயிற்று. 1966-க்குப் பின் அந்நகரில் தென்னிந்தியருக்கு எதிரான குரல் எழுந்த கசப்பான நாட்களிலும் அம்மண்டபம் அனைவருக்கும் பொதுவாகவே நின்றது. வந்தேறிகள் எனப்பட்டோர் நகருக்கு அளித்த மறுமொழி அது.

1990-இல் பெருந்தீ அம்மண்டபத்தை அழித்தது. மன்னர் கொடுத்ததாயின் மன்னரிடம் முறையிடலாம். அரசாங்கம் கட்டியதாயின் மனு எழுதலாம். தாமே எழுப்பியதற்குத் தாமே பொறுப்பு. எட்டு ஆண்டு முயற்சிக்குப் பின், 1998-இல், காஞ்சிப் பெரியவர் பெயருடன், 2,700-க்கு மேற்பட்ட இருக்கைகளோடு அரங்கம் மீண்டும் திறக்கப்பட்டது. முதன்முறை பொருள் சேர்த்த காலத்து இளைஞர் பலர் அப்போது முதியவராகியிருப்பர், சிலர் மறைந்திருப்பர். அவர்கள் கையிலிருந்து வடத்தை வாங்கிப் பிடித்தது அடுத்த தலைமுறை.

இத்தகைய சபைகள் பொருள் சேர்க்கும் வழிகளை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். ஆண்டுச் சந்தா ஒன்று. ஆயுள் உறுப்பினர் கட்டணம் ஒன்று. விழா மலர் விளம்பரம் ஒன்று. கலைஞர் ஊதியம் பெறாது நிகழ்த்தும் நிதிக்கச்சேரி ஒன்று. எம். எஸ். சுப்புலட்சுமி 1944-இல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காகப் பாடியது தொடங்கி வாழ்நாள் முழுதும் நற்பணிகளுக்காகப் பாடிப் பொருள் ஈட்டித் தந்தார் என்பது நாடறிந்தது. இவற்றுள் பெருந்தொகை தருவது பெரும்பாலும் வள்ளல்களின் நன்கொடையே. எனினும் இரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பழகிய நமக்கு ஒன்று தெரியும். ஒரே வரியில் வரும் பெரிய வரவு ஒருமுறைதான் வரும். பக்கம் பக்கமாக நிறையும் சிறு வரவே அடுத்த ஆண்டும் வரும். அரங்கைக் கட்ட முன்னது உதவும். மேற்கூரை ஒழுகும்போதும், மின் கட்டணம் ஏறும்போதும், கேட்போர் இன்றி நாற்காலிகள் வெறுமையாகும்போதும் பின்னதே காக்கும். பத்து ரூபாய் கொடுத்தவனும் தன் மகளின் கைபிடித்து, "இது நம் மண்டபம்" என்று சொல்லி உள்ளே அழைத்துச் செல்கின்றான். அச்சொல்லே அஸ்திவாரம்.

கரமனைத் தமிழ்க் குடும்பங்களே! நம் சங்கத்துக்கு ஓர் அரங்கு வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் "நிலம் எங்கே, பொருள் எங்கே" என்ற கேள்வியும் உடன் எழுந்து பேச்சை முடித்துவிடுகின்றது. நியாயமான கேள்விகளே அவை. ஆனால் சென்னையும் பம்பாயும் முதலில் கேட்ட கேள்வி, "மாதந்தோறும் வருவோர் எத்தனை பேர்?" என்பது. நாமும் அங்கே தொடங்கலாம். திங்கள்தோறும் ஒரு மாலை, எவர் வீட்டுக் கூடத்திலாயினும், நீலகண்ட சிவன் கீர்த்தனைகளை நம் பிள்ளைகள் பாடட்டும். மலையாள நண்பர்களையும் அழைப்போம். அவர்கள் பாட்டையும் கேட்போம். வருவோர் பெயரை ஒரு குறிப்பேட்டில் எழுதி, இயன்ற சிறுதொகையை அதில் வரவு வைப்போம். தேர் நகர்வதற்கு முன் வடத்தில் கைகள் சேர வேண்டும். இந்த ஆண்டு அக்கைகளை எண்ணத் தொடங்குவோம்.