வெண்ணெய்நல்லூர் வழக்கு

கோர்ட்டுப் படி ஏறாதே என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லுகிற தேசம் நம்முடையது. ஆனால் பெரிய புராணத்தின் ஆரம்பத்திலேயே ஒரு சிவில் வழக்கு வருகிறது. அதில் வாதி, சாட்சாத் சிவபெருமான்!

பன்னிரண்டாம் நூற்றாண்டில் அதைப் பாடிய சேக்கிழார், சோழ அரசில் அமைச்சராக இருந்தவர் என்பார்கள். தடுத்தாட்கொண்ட புராணத்தை வக்கீல் கண்ணோடு வாசித்தால் அது மெய்தான் என்று தோன்றும்.

புத்தூரில் சுந்தரருக்குக் கல்யாணம். ஒரு கிழவர் வந்து, "இந்த மாப்பிள்ளை என் அடிமை, இவன் பாட்டன் எழுதித் தந்த ஓலை இருக்கிறது" என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவருக்கு ஊர் திருவெண்ணெய்நல்லூர் என்று தெரிந்ததும், வழக்கை அங்கேயே வந்து பேசும் என்கிறார். இன்றைய சட்டப்படி, பிரதிவாதி வசிக்கும் இடத்திலோ வழக்குக்குக் காரணம் பிறந்த இடத்திலோ பிராது கொடுக்கலாம். இடம் சரியில்லை என்றால் ஆரம்பத்திலேயே ஆட்சேபிக்க வேண்டும். சுந்தரரோ ஆட்சேபிக்கவில்லை, தாமே வாதியின் ஊரைச் சொல்லிவிட்டார்.

சபை கூடியது. அந்தணர் அடிமையாகும் வழக்கம் உலகில் இல்லையே என்பதுதான் சபையாரின் முதல் எண்ணம். ஆனாலும் அந்த எண்ணத்தையே தீர்ப்பாக்கிவிடவில்லை. ஆட்சி, ஆவணம், காட்சி என்ற மூன்றில் ஒன்றால் நிரூபியும் என்றார்கள். அதாவது அனுபவ பாத்தியதை, தஸ்தாவேஜு, சாட்சி. நிரூபிக்கும் பொறுப்பு வாதியுடையது என்ற விதி 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தோடு பிறந்ததல்ல என்பது தெரிகிறதல்லவா?

"கிழிந்தது படி ஓலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது" என்றார் கிழவர். இதையும் கிழித்துவிட்டால்? கிழிக்க விடமாட்டோம் என்று சபையார் உறுதி கொடுத்த பிறகே அதை வெளியே எடுத்தார். கரணத்தான் வாசித்தான். சாட்சிக் கையெழுத்துகளைச் சரிபார்த்தார்கள். பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டார்கள். ஒத்திருந்தது. பிரதிவாதி தோற்றார்.

யாருக்கும் யாருக்கும் வழக்கு என்று பாருங்கள். ஒருவர், நரசிங்க முனையரையர் என்ற சிற்றரசர் மகன்போல் வளர்த்த பிள்ளை. மற்றவர், தடி ஊன்றி வந்த முகந்தெரியாத கிழவர். செல்வாக்கைப் பார்த்திருந்தால் கிழவரைப் புத்தூர்ப் பந்தலிலிருந்தே விரட்டியிருப்பார்கள். அவரைக் காப்பாற்றியது முறை. மூல தஸ்தாவேஜு, சாட்சி, கையெழுத்து ஒப்பீடு என்று நாம் அலுத்துக்கொள்ளும் நடைமுறைகள் எல்லாம் ஆள்பலம் இல்லாதவனுக்குக் கேடயம்.

இன்றும் முன்சீப் கோர்ட்டில் அதே முறைதான். பிராது, கட்டணம், சம்மன். எதிருரைக்கு 30 நாள், கோர்ட்டார் மனம் வைத்தால் 90 நாள். பிறகு எழுவினாக்கள், விசாரணை, தீர்ப்பு. ஆனால் வெண்ணெய்நல்லூரில் ஓர் அமர்வில் முடிந்தது, இங்கே வருஷக் கணக்கில் நீளுகிறது. டிக்ரி வாங்கிய பிறகுதான் இந்திய வழக்காளியின் கஷ்டமே ஆரம்பம் என்று 1872-லேயே லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லியிருக்கிறது. பணமுள்ளவன் காத்திருப்பான், கிழவர் காத்திருக்க முடியுமா?

தோற்ற சுந்தரர் மறுபேச்சின்றி வாதியின் பின்னே நடந்தார். எல்லாப் பிரதிவாதிகளும் சுந்தரர் அல்ல. அதனால்தான், கடவுளுக்கு ஒரே நாளில் கிடைத்த நியாயத்துக்கு மனிதர்கள் வாய்தா வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.