குடிக்கூலியும் அரசும்: ஒரு விண்ணப்பத்தின் வரலாறு

1

ஏழைகளின் வீட்டுப் பிரச்சினை பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் பெரும்பாலும் இரண்டு மனிதர்களே வருகிறார்கள். ஒருவர் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவர், அதாவது அரசின் மொழியில் 'ஆக்கிரமிப்பாளர்'. இன்னொருவர் பட்டாவையோ ஒதுக்கீட்டு ஆணையையோ வாங்கிக்கொண்டு படத்துக்கு நிற்கும் 'பயனாளி'. மாதம் பிறந்ததும் வாடகையை எண்ணிக் கொடுக்கிற மூன்றாமவர் இந்தச் சொல்லாடலுக்குள் வருவதேயில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் நூற்றுக்கு சுமார் 27 குடும்பங்கள் வாடகை வீட்டில் இருந்தன. இவ்வளவு பேர் எப்படி அரசின் கண்ணுக்குத் தெரியாமல் போனார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. போத்தனூரில் நான் குடியிருக்கும் லைன் வீட்டில், பக்கத்துப் போர்ஷன் அக்கா சென்ற ஆண்டு என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டிருந்தார். அரசாங்கத்தில் வாடகைக்கு ஏதாவது உதவி கிடைக்குமா என்று கேட்பது அவர் எண்ணம். 'வாடகைக்கெல்லாம் திட்டம் கெடையாதும்மா, வீட்டுக்கு வேணும்னா எழுதிக் குடுங்க' என்றார் எழுத்தர். எழுதிக் கொடுப்பதற்குக் குடும்ப அட்டையும் ஆதாரும் வருமானச் சான்றும் வேண்டும். சொந்த வீடு எங்கும் இல்லை என்பதற்கு உறுதிமொழிப் பத்திரமும் வேண்டும். 'ஏனுங்க சார், வூடு இல்லீங்கறதுக்கும் ஒரு காயிதமுங்களா?' என்று கேட்டார் அக்கா. எழுத்தர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பிறகுதான் அது சிரிக்கிற விஷயமில்லை என்று உறைத்தது.

அட்டையில் இருந்ததோ பழைய முகவரி. மாற்ற வேண்டுமென்றால் வாடகை ஒப்பந்தம் வேண்டும். 'எழுத்தெல்லாம் எதுக்கு அம்மிணி, நாளைக்கு வரி கிரின்னு வந்து நிப்பாங்க' என்றார் வீட்டுக்காரர். விண்ணப்பம் அங்கேயே நின்றது.

2

போத்தனூர் ரயிலால் உண்டான ஊர். 1860களில் சென்னையிலிருந்து மேற்குக் கரைக்குப் போன இருப்புப்பாதை கோவை நகரைத் தொடாமல் இந்த வழியாகத்தான் போனது. ரயில்வே வந்ததும் அதன் குடியிருப்புகளும் வந்தன. வேலை கொடுத்தவனே வீட்டையும் கொடுத்தான். வேலை போனால் வீடும் போகும். 1888இல் ஸ்டேன்ஸ் கோவையில் நூற்பாலை தொடங்கியதற்குப் பிறகு பெருகிய மில்களுக்கு, வேலைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் வீடு கட்டித் தரும் எண்ணமில்லை. அந்த இடைவெளியில் முளைத்ததுதான் லைன் வீடு: ஒரே காம்பவுண்டு, வரிசையாக ஒற்றை அறைகள், பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. கொஞ்சம் நிலமும் கொஞ்சம் பணமும் இருந்த குடும்பங்கள் கட்டி விட்டவை. இந்த நகரத்தின் தொழிலாளிக்கு வீடு கொடுத்தது அரசும் இல்லை, முதலாளியும் இல்லை, இந்தச் சின்ன வீட்டுக்காரர்கள்தான். இதைச் சொல்லாமல் அவர்களை வில்லன்களாக்குவது சுலபம்; ஆனால் அது வரலாறு ஆகாது.

வாடகைக்குத் தமிழில் இன்னொரு சொல் உண்டு: குடிக்கூலி. உழைப்புக்கு வாங்குவதும் கூலி, உறங்குவதற்குக் கொடுப்பதும் கூலி. ஒரு கை வாங்கி மறு கை கொடுக்கும் இந்த உறவில் முதல் கூலிக்குச் சங்கம் உண்டு, சட்டம் உண்டு, வேலைநிறுத்தம் உண்டு. இரண்டாவது கூலிக்கு என்ன இருந்தது?

3

இருந்தது வாடகைக் கட்டுப்பாடு. அதன் பிறப்பே ஒரு போராட்டம். 1915இல், முதல் உலகப் போரின் நடுவில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத் தொழிலாளர் குடும்பங்கள் ஏற்றிய வாடகையைக் கொடுக்க மறுத்தன. முன்னின்றவர்கள் பெண்கள், மேரி பார்பர் அவர்களில் ஒருவர். அந்த ஆண்டே பிரிட்டன் வாடகையைக் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டது. 1918இல் பம்பாய்க்குச் சட்டம் வந்தது. சென்னை மாகாணத்தில் 1941இல், இரண்டாம் உலகப் போரின்போது, இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் ஆணையாக வந்தது. 1946இல் அது சட்டமானது. பிறகு 1949, 1960 என மறுபிறவிகள் எடுத்தது.

1960ஆம் ஆண்டுச் சட்டம் 'நியாய வாடகை'யை நிர்ணயிக்கும் அதிகாரத்தை வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரிக்குக் கொடுத்தது. அரசு தன் பையிலிருந்து ஒரு காசும் செலவழிக்காமல் வாடகைக்காரரைக் காப்பாற்றும் வழி இது. ஆனால் காப்பாற்றப்பட்டது யார்? வக்கீல் வைத்து வருஷக்கணக்கில் வழக்கு நடத்த முடிந்த கடைக்காரரும் நடுத்தர வர்க்கத்தாரும்தான். லைன் வீட்டிலிருப்பவர் வழக்குப் போடுவதில்லை, வீட்டை மாற்றிக்கொண்டு போய்விடுகிறார். 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் நியாய வாடகையைக் கைவிட்டது. இருவரும் ஒப்புக்கொண்டதே வாடகை. பதிலுக்கு எல்லா ஒப்பந்தமும் எழுத்தில் இருந்து பதிவாக வேண்டும் என்றது. ஆனால் எங்கள் காம்பவுண்டில் இன்றுவரை எழுத்தில் ஒன்றுமில்லை.

4

இந்தக் கதையின் இன்னொரு இழை 1970இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் உருவானது. 1971இல் அதற்கான சட்டம் வந்தது. (2021இல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்றாயிற்று.) அந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, குடிசைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் உரிய அதிகாரியின் அனுமதியின்றி வாடகைதாரரை வெளியேற்றும் நடவடிக்கை கூடாது என்கிறது. வாடகைக்காரர் பெயர் சொல்லிக் காக்கப்பட்ட அபூர்வமான இடம் இது. ஆனால் 'அறிவிக்கப்பட்ட' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. சென்னையிலேயே 1985க்குப் பிறகு பல பத்தாண்டுகள் புதிதாக எந்தப் பகுதியும் அறிவிக்கப்படவில்லை.

வாரியத்தின் கனவு வேறு: குடிசைவாசியை வீட்டு உரிமையாளராக்குவது. 1872இல் எங்கெல்ஸ் குடியிருப்புப் பிரச்சினை பற்றி எழுதியபோது இதே கனவைத்தான் விமர்சித்தார். வாடகைக்காரரை உரிமையாளராக்கினால் பிரச்சினை தீரும் என்ற புரூதோனியர்களுக்கு, அது தொழிலாளியை ஒரே இடத்தில் கட்டிப்போடும் என்று பதில் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. சொந்த வீடு என்பது இங்கே சாதியிடமிருந்தும் அவமதிப்பிடமிருந்தும் கொஞ்சம் விடுதலை. ஆனால் கோவையின் முத்தண்ணன் குளம், வாலாங்குளம் கரைகளிலிருந்து கீரணத்தத்துக்கும் மலுமிச்சம்பட்டிக்கும் அனுப்பப்பட்டவர்கள், வேலை ஒரு மூலையிலும் வீடு ஒரு மூலையிலுமாகப் பஸ்ஸில் கழிக்கும் நேரத்தைப் பார்த்தால் எங்கெல்ஸ் நினைவுக்கு வருகிறார்.

அதிகாரம் தடுப்பதோடு நிற்பதில்லை, மனித வகைகளை உற்பத்தியும் செய்கிறது என்றார் ஃபூக்கோ. நமது வீட்டுக் கொள்கை உற்பத்தி செய்த வகைகள் இரண்டே: ஆக்கிரமிப்பாளர், பயனாளி. வாடகைக்கு அரசு பணம் கொடுக்கும் ஒரு சந்தர்ப்பமும் இந்த வகைப்பாட்டுக்குள்தான் இருக்கிறது. வாரியத்தின் பழைய அடுக்குமாடிகளை இடித்துக் கட்டும்போது, அங்கிருப்போர் வெளியே தங்க ஒரு 'கருணைத் தொகை' தரப்படுகிறது. 8,000 ரூபாயாக இருந்தது, பிறகு 24,000 ஆயிற்று. அதாவது அரசே வீட்டை இடித்தால்தான் அரசு வாடகை தரும். அதற்குப் பெயரும் உரிமை அல்ல, கருணை!

5

ஏழைக்கு வாடகை கொடுக்க அரசுக்குப் பணமில்லை என்பார்கள். ஆனால் அரசு வாடகை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அரசு ஊழியருக்குச் சம்பளத்தோடு வீட்டு வாடகைப்படி வருகிறது, விண்ணப்பம் இல்லாமல். தனியார் கம்பெனியில் மாதச் சம்பளம் வாங்குபவருக்கும் அந்தப் படிக்கு வரி விலக்கு உண்டு. இரண்டையும் யாரும் இலவசம் என்று சொல்வதில்லை.

ஏழைக்கென்று வந்த சலுகையோ வீட்டுக்காரரின் மீட்டரில் நின்றுவிடுகிறது. 2016 முதல் தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். பல குடும்பத்துக்கு ஒரே இணைப்பு உள்ள காம்பவுண்டில் அந்த 100 யூனிட் யாருடையது? நாங்கள் முதல் யூனிட்டிலிருந்தே காசு கொடுக்கிறோம்.

வெளிநாடுகளில் வாடகை உதவி உண்டு. பிரிட்டனில் 1972 சட்டம் வாடகைத் தள்ளுபடியை நாடு முழுமைக்கும் ஆக்கியது. அமெரிக்காவில் 1974 முதல், வருமானத்தில் சுமார் 30 விழுக்காட்டை வாடகைக்காரர் கொடுக்க, மிச்சத்தை அரசு வீட்டுக்காரருக்கு அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. அங்கும் தகுதியுள்ள குடும்பங்களில் நான்கில் ஒன்றுக்குத்தான் கிடைக்கிறது; மற்றவர்கள் காத்திருப்புப் பட்டியலில். இந்தியாவில் 2015இல் தேசிய வாடகை வீட்டுக் கொள்கையின் வரைவு வந்தது. 2020 ஊரடங்கில் லட்சக்கணக்கானோர் நடந்தே ஊர் திரும்பிய பிறகு, மத்திய அரசு வாடகைக் குடியிருப்பு வளாகத் திட்டத்தை அறிவித்தது. இரண்டும் முக்கியமான ஒப்புதல்கள். ஆனால் திட்டம் பேசியது கட்டடங்களைப் பற்றி. ஏற்கெனவே லைன் வீட்டில் இருப்பவரின் மாத வாடகையைப் பற்றி அல்ல.

எனவே கேட்க வேண்டியது இன்னொரு கட்டடம் மட்டுமல்ல. வாடகைக்காரர் என்ற மனிதரை அரசு முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரரின் கையெழுத்து இல்லாமலே, அக்கம்பக்கத்தார் சாட்சியோடு, 'நான் இங்கே குடியிருக்கிறேன்' என்ற சொல் செல்லுபடியாக வேண்டும். அதற்கப்புறம்தான் தொகை எவ்வளவு என்ற பேச்சு. வீடில்லை என்பதற்கு ஒரு ஏழையின் உறுதிமொழியை வாங்கிக்கொள்ளும் அரசு, இங்கே இருக்கிறேன் என்று அவரே சொல்வதை ஏன் நம்பக்கூடாது?

அக்காவின் விண்ணப்பம் என் மேசையில்தான் கிடக்கிறது. பெயர், வயது, வருமானம் எல்லாம் எழுதியாயிற்று. முகவரிக்கான இடம் மட்டும் காலியாக இருக்கிறது.