அரசு வாங்கும் நூலுக்கு யார் பொறுப்பு?

கம்பம் பள்ளத்தாக்கில் எந்தக் காலனிக்குப் போனாலும் கொடியில் அரசு கொடுத்த துணி காயும். பொங்கல் சேலை, வேட்டி, பிள்ளைகளின் சீருடை. உத்தமபாளையம் பக்கம் நான் போன ஒரு வீட்டில் தம்பியின் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. அக்கா நூற்பாலை விடுதியிலிருந்து திரும்பியிருந்தார். மூன்று வருட ஒப்பந்தத்தில் இரண்டரை வருடம் உழைத்திருக்கிறார். முழுசாக முடிக்கவில்லை என்று சொல்லி, கடைசியில் தருவதாகச் சொன்ன மொத்தத் தொகையில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை.

அந்தச் சீருடைக்கும் இந்த அக்காவுக்கும் என்ன சம்பந்தம்? கொஞ்சம் வரலாற்றைப் பார்ப்போம், தோழர்களே.

இலவச வேட்டி சேலைத் திட்டம் 1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கியது. ஏழைகளுக்குத் துணி கொடுப்பது மட்டும் அதன் நோக்கமல்ல. நெசவாளர்களுக்குத் தொடர்ந்து வேலை கொடுப்பதும்தான். அதனால் துணியை நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் நெய்து வாங்கினார்கள். சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளின் சீருடையைத் தைப்பவர்களும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தினர். ஆக, யாருடைய உழைப்பை வாங்குகிறோம் என்று பார்த்து வாங்குவது தமிழ்நாடு அரசுக்குப் புதிதல்ல.

ஆனால் அந்த அக்கறை தறியோடு நின்றுவிட்டது. தறிக்கு நூல் வேண்டுமே! ஆண்டிபட்டியில் உள்ள அண்ணா கூட்டுறவு நூற்பாலை போன்ற கூட்டுறவு ஆலைகள் ஒரு பங்கு நூலைத் தருகின்றன. மற்றது டெண்டர் மூலம் வாங்கப்படுகிறது. டெண்டரில் ஜெயிப்பது குறைந்த விலை. அந்த விலை எப்படிக் குறைந்தது, யார் வயிற்றில் அடித்துக் குறைந்தது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை.

நிலமில்லாத, ஏலத்தோட்டக் கூலியை நம்பி ஜீப் ஏறும் நம் குடும்பங்களைத் தேடித்தான் புரோக்கர்கள் வந்தார்கள். ‘சுமங்கலித் திட்டம்’ என்று அதற்கு மங்கலமான பெயர் வேறு. கல்யாணச் செலவுக்கு மொத்தமாக முப்பதாயிரம், ஐம்பதாயிரம் கிடைக்கும் என்பது ஆசை வார்த்தை. உண்மையில் அது பிடித்து வைத்த கூலி. நெதர்லாந்தின் சோமோ, ஐசிஎன் அமைப்புகளின் 2011 அறிக்கை, இந்தப் பெண்களில் சுமார் 60 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர் என்றது. இது கூலிப் பிரச்சினை மட்டுமல்ல, சாதிப் பிரச்சினையும்கூட.

பொதுப் பணத்தில் வாங்கும்போது தொழிலாளர் நிபந்தனை போடலாம் என்பது பழைய சிந்தனை. 1891இலேயே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அரசு ஒப்பந்தங்களுக்கு நியாயக் கூலித் தீர்மானம் நிறைவேற்றியது. 1949இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு அதை 94ஆவது உடன்படிக்கையாக்கியது. இந்தியா இன்றுவரை அதை ஏற்று உறுதி செய்யவில்லை.

பக்கத்து மாவட்டத்தைப் பாருங்கள். 2021 ஜனவரியில் திண்டுக்கல்லில் ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த ஒரு தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ வந்தது. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் நிறுவனங்கள் தனித்தனியாகக் கையெழுத்திட்டு அதற்குக் கட்டுப்பட்டன. ஆலை விதியை மீறினால் ஆர்டர் பாதிக்கப்படும். அந்நிய பிராண்டுகளைப் பணிய வைத்த நாம், நம் வரிப்பணத்தில் நூல் வாங்கும் அரசை ஏன் கேட்கக் கூடாது?

1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, டெண்டர் ஆவணத்தில் எழுதிய அளவுகோலை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். அப்படியானால் ஆவணத்திலேயே எழுதட்டும்: நூல் வரும் ஆலையின் பெயர், மாதாமாதம் வங்கியில் குறைந்தபட்சக் கூலி, விடுதிக்கு வெளியே போய்வரும் உரிமை, சங்கம் சேரும் உரிமை. மீறினால் அடுத்த டெண்டர் கிடையாது.

வேலையை இன்றே தொடங்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவுக்கு 10 ரூபாய்தான் கட்டணம். ‘எங்கள் ஊர்ப் பிள்ளைகள் உடுத்தும் சீருடையின் நூல் எந்த ஆலையில் நூற்கப்பட்டது?’ என்று கைத்தறித் துறையிடம் கேளுங்கள். பதில் வந்தால் அந்த ஆலை வாசலுக்குப் போவோம். வராவிட்டால் மேல்முறையீடு செய்வோம்.