சித்வான்: வேட்டைக்காட்டிலிருந்து தேசியப் பூங்கா வரை

மலைநாடெனப் பெயர்பெற்ற நேபாளத்திற் காண்டாமிருகத்தைக் காண விழையும் உல்லாசப் பயணிகளிற் பெரும்பாலார், இமயச் சிகரங்களை விடுத்துத் தென்புறத் தாழ்நிலமாகிய சித்வானுக்கே செல்கின்றனர். அக்காடு எஞ்சிநின்ற காரணம் வரலாற்று மாணவரின் கவனத்திற்குரியது.

1846 முதல் 1951 வரை ஆட்சிசெலுத்திய ராணாக்கள் சித்வானைத் தமது வேட்டைக்களமாகப் பேணினர். 1911இல் அவர்தம் விருந்தினராக வந்த ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் வேட்டையில் 39 புலிகளும் 18 காண்டாமிருகங்களும் வீழ்ந்தன. ஆயினும், குடியேற்றத்திலிருந்து காட்டைக் காத்தது மலேரியாவே எனலாம். அந்நோய்க்கு அஞ்சி மலைமக்கள் அங்கு குடியேறவில்லை; ஓரளவு எதிர்ப்பாற்றல் வாய்க்கப்பெற்ற தாரு முதலிய பழங்குடியினரே வாழ்ந்தனர். 1950களில் டீ.டீ.ரீ. தெளிக்கப்பட்டு நோய் அடங்கவே, மலைமக்கள் திரளாக இறங்கினர்; காடு வயலாயிற்று. 1960களின் இறுதியிற் காண்டாமிருகங்கள் ஏறத்தாழ 100 ஆக அருகின.

1973இற் சித்வான் நேபாளத்தின் முதலாவது தேசியப் பூங்காவாயிற்று. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாடெங்குமிருந்த 752 காண்டாமிருகங்களுள் 694 சித்வானிலேயே இருந்தன.

இவ்வெற்றியின் விலையை இறுத்தவர் யார்? விறகும் மீனும் தந்த காடு தாருக்களுக்கு மூடப்பட்டது. ஆண்டிற் சில நாட்கள் மட்டுமே புல்லறுக்க அனுமதி கிடைத்தது. எல்லைக்குள் அமைந்த ஊர்கள் அகற்றப்பட்டன. பூங்கா வருவாயில் 30 முதல் 50 வீதம் வரை அயலூர்களின் மேம்பாட்டிற்குச் செலவிடச் சட்டம் இடமளித்தது 1990களிற்றான். காட்டைக் காத்தோர் வரிசையில் மன்னரையும் அறிஞரையும் மட்டும் குறித்தல் முழுமையான வரலாறாகாது. நிலமிழந்த குடிகளையும் அதிற் சேர்த்தல் வேண்டும்.